ஆளோடு எழுதுவது

கூட்டுக்குள் ஆள் இருக்கும்போது சிப்பில் எதையும் எழுதக் கூடாது என்று கம்பெனியின் கையேட்டில் தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். எழுதப் போன ஒவ்வொருவரும் ஆளை உள்ளே நிற்க வைத்துத்தான் எழுதினார்கள்.

விருதுநகர் வத்தல் கிடங்குகளுக்குக் கூடு வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. லோடுமேன்கள் வைத்த பெயர் அது. முதுகுக்கு ஒரு தகடு, நெஞ்சுக்கு ஒரு தகடு, இடுப்புக்கு ஒரு வளையம், கை கால் நெடுக உலோகக் கம்பிகள், மூட்டுக்கு மூட்டு ஒரு மோட்டார். உள்ளே நின்று பட்டைகளை இறுக்கிக்கொண்டால் இரண்டு மூட்டை மிளகாய் வத்தலை ஒரே தூக்கில் மேலடுக்குக்கு ஏற்றலாம். எந்த மூட்டு எப்போது எவ்வளவு மடங்க வேண்டும் என்பதை முதுகுத் தகட்டில் இருக்கும் ஒரு சிப் சொல்லும். கட்டைவிரல் நகத்தைவிடச் சிறியது. சில மாதங்களுக்கு ஒருமுறை அதில் இருக்கும் புரோகிராமை அழித்துவிட்டுப் புதியதை எழுதச் சொல்லிக் கம்பெனி ஆள் அனுப்பும்.

சிக்கல் குளிரில் இருந்தது. வத்தலின் நிறம் மங்காமல் இருக்கக் கிடங்கை எப்போதும் குளிரவைத்திருப்பார்கள். ஊரில் அதைக் கோல்டு என்றே சொல்வார்கள். ஒருமுறை உள்ளே போன கூட்டை வெளியே கொண்டுவர முடியாது. வெயில் பட்டதும் ஐஸ் தண்ணீர் ஊற்றிய செம்பு மாதிரி வியர்த்துவிடும், போர்டில் ஈரம் இறங்கிவிடும். அதனால் சார்ஜ் ஏற்றுவது, பழுது பார்ப்பது, புரோகிராம் எழுதுவது எல்லாம் உள்ளேயே. குளிரில் பேட்டரி சோர்ந்து கிடக்கும். அழிக்கவும் எழுதவும் சிப்புக்குச் சீரான மின்சாரம் வேண்டும். நடுவில் தளர்ந்தால் பழையதும் இருக்காது, புதியதும் இருக்காது.

அதற்கு வழி கூட்டிலேயே இருந்தது. பட்டைகளுக்குள் மெல்லிய தகடுகளை வைத்துத் தைத்திருந்தார்கள். ஆள் அசையும்போதெல்லாம் அவை கொஞ்சம் மின்சாரம் உண்டாக்கி உள்ளே அனுப்பும். 'உங்கள் அசைவே உங்கள் மின்சாரம்' என்று விளம்பரத்தில் வரும். ஆள் உள்ளே நின்று காலை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டிருந்தால் அந்தக் கொஞ்சம் மின்சாரம் சோர்ந்த பேட்டரிக்கு முட்டுக்கொடுக்கும். எழுத்து தவறாமல் முடியும். இதை முதலில் கண்டுபிடித்தது யார் என்று தெரியவில்லை. சர்வீஸ் வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதல் வாரத்திலேயே ஒருவர் சொல்லி ஒருவர் தெரிந்துகொள்வது இது: "கையேட்ட விடு. ஆளோட எழுது."

ஜெபசெல்வியும் அப்படித்தான் தெரிந்துகொண்டாள். சாத்தான்குளத்துக்காரி, மதுரை சர்வீஸ் ஆபீசில் வேலை. அன்று முற்பகல் டீ நேரத்தில் ஒவ்வொரு கூடாக எழுதிக்கொண்டே வந்து கடைசியாக லோடுமேன் காளிராஜிடம் வந்தபோது அவர் கையில் இரண்டு மூட்டைகள் இருந்தன. வெளியே லாரி காத்துக்கொண்டிருந்தது. எழுதி முடிந்த மற்றவர்கள் கூட்டைக் கழற்றிவிட்டு டீக்குப் போயிருக்க, அவர் மட்டும் அடுக்கிக்கொண்டிருந்தார். வேலை செய்தால் உடம்பு சூடாகும் என்பதால் கம்பளிச் சட்டையைக் கழற்றி வாசல் ஆணியில் மாட்டியிருந்தார். அந்த வாசலில் வரிசையாக ஆணி அடித்து எல்லோரும் சட்டை மாட்டியிருப்பார்கள். சங்கம் கேட்டு, முதலாளி மறுத்து, ஒரு நாள் கதவடைப்பு நடந்து கிடைத்த சட்டைகள் அவை.

"அண்ணே, ஒங்களோடது ஒண்ணுதான் பாக்கி. ஒரு நிமிஷம்."

"இந்த ரெண்ட மேல வச்சுட்டு வந்துர்றேன் மேடம்."

"வேண்டாம்ணே, அப்படியே நில்லுங்க. எனக்கு பஸ்ஸப் பிடிக்கணும்."

மூட்டையைத் தாங்கிக்கொண்டு காலை மாற்றி மிதிக்க முடியாது. காளிராஜ் அசையாமல் நின்றார். ஜெபசெல்வி அதைக் கவனித்தாள். ஒரு தடவைதானே என்று நினைத்து, கையிலிருந்த எழுதும் பெட்டியின் வயரை முதுகுத் தகட்டில் செருகினாள்.

திரையில் 'அழிப்பு முடிந்தது' என்று வந்தது. அடுத்த வரி வரவில்லை. கூட்டின் எல்லா மூட்டுகளிலும் ஒரே நேரத்தில் டக்கென்று பிரேக் விழுந்தது.

"என்ன மேடம், பூட்டிக்கிருச்சு?"

முழங்கால் லேசாக மடங்கி, இரண்டு கைகளும் நெஞ்சுக்கு நேரே நீண்டு, மூட்டைகளோடு நின்றார் காளிராஜ். தலையை மட்டும் திருப்ப முடிந்தது.

சத்தம் கேட்டு மற்றவர்கள் வந்தார்கள். மேஸ்திரி வெயிலுமுத்து அவரை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார்.

"என்ன மாப்ள, ஒனக்குச் செலை வச்சுட்டாங்களா? மாலை வாங்கியாரவா?"

"செலை வச்சா முக்குலல்ல வைக்கணும் மாமா. இங்க எவன் பாக்கப் போறான்?"

சிரித்தார்கள். மூட்டைகளைக் கையிலிருந்து இறக்கினார்கள். கைகள் அப்படியே நின்றன. அப்போதும் அது ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது.

கிடங்கு மேனேஜர் ரத்தினவேல் வந்ததும் வேடிக்கை போய்விட்டது. "கட்டர் வச்சு வெட்டி ஆள வெளிய எடுங்கம்மா. லாரி நிக்குது."

"முடியாது சார். ரெண்டு மூட்டைக் கனத்தத் தாங்க முதுகுல ஸ்பிரிங் முறுக்கி நிக்கி. மூட்டைய எறக்கிட்டோம்னு அதுக்குத் தெரியாது. வெட்டினா அம்புட்டு பலமும் அண்ணன் தண்டுவடத்துலதான் விழும்."

"அப்ப டிராலியில வச்சு வெளிய தள்ளிட்டுப் போயி அங்க வச்சு செய்ங்க."

"போர்டு சீல ஒடச்சிட்டேன் சார். வெளிய போனா உள்ள வேர்க்கும். சிப்பு காலியா இருக்கு. எந்தச் சொட்டு எந்த பிரேக்கத் தெறக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது."

"குளிர நிறுத்திரலாம்ல?" என்றார் வெயிலுமுத்து.

ரத்தினவேல் அடுக்குகளைக் காட்டினார். கூரை வரைக்கும் மூட்டைகள். "மிஷின நிறுத்தலாம். இத்தன டன்னு வத்தலும் ஐஸ்கட்டி மாதிரி. நாளைக்கு வரைக்கும் சூடு ஏறாது." ஆனாலும் போய்க் குளிரடிக்கும் விசிறிகளை நிறுத்திவிட்டு வந்தார்.

ஆக, வெட்ட முடியாது, நகர்த்த முடியாது, சூடாக்க முடியாது. அவர் நிற்கும் இடத்தில், அவர் நிற்கும் நிலையில், சிப்பில் மறுபடி எழுதியாக வேண்டும். முழு புரோகிராம்கூட வேண்டாம். பிரேக்குகளை ஒவ்வொன்றாக மெதுவாக விடும் சிறிய துண்டு போதும். ஜெபசெல்வி பேட்டரியைக் கழற்றினாள். அவளுடைய பெட்டியே சிப்புக்கு மின்சாரம் கொடுக்கும். சீரான, சுத்தமான மின்சாரம்.

பெட்டி கொடுக்க மறுத்தது. திரையில் சிவப்பில் ஒரு வரி: 'வேறு மின்மூலம் உள்ளது.'

பேட்டரி தரையில் கிடந்தது. ஆனால் சிப்பின் கம்பியில் மின்னழுத்தம் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. வயரைப் பிடுங்கிச் செருகினாள். அதேதான். கையால் அழுத்திப் பிடித்துப் பார்த்தாள். அதேதான். யோசித்துவிட்டு, கேட்க விரும்பாததைக் கேட்டாள்.

"அண்ணே, உள்ள வேற பேட்டரி ஏதும் ஒளிச்சு மாட்டிருக்கீங்களா? கோவப்படாதீங்க. சொன்னீங்கன்னா நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

காளிராஜ் பதில் சொல்வதற்குள் ரத்தினவேல் பிடித்துக்கொண்டார். "செய்வானுங்க! சாயங்காலம் பேட்டரி படுத்துருதுன்னு ஒரு மாசமா மொனகிட்டு இருந்தானுங்க. எல்லார் பையையும் எடுத்துட்டு வாங்கடா இங்க."

யாரும் நகரவில்லை. வெயிலுமுத்து தன் தூக்குவாளியை எடுத்து வந்து மேனேஜர் காலடியில் வைத்து மூடியைத் திறந்தார். "புளிச்சோறு இருக்கு. வயர மாட்டிப் பாருங்க சார். கரண்டு வருதான்னு பாத்துட்டுச் சொல்லுங்க. வந்தா வீட்டுக்கும் ரெண்டு லைட்டு போட்டுக்கிருதேன்."

"சத்தியமா ஒண்ணும் இல்ல மேடம்," என்றார் காளிராஜ். பல் தந்தியடித்துக்கொண்டு வந்தது பேச்சு. வேர்வையில் நனைந்த சட்டை இப்போது ஈரத்துணியாக உடம்பில் ஒட்டியிருந்தது. யாரோ ஆணியிலிருந்து அவர் கம்பளிச் சட்டையை எடுத்து வந்தார்கள். கூடும் பட்டைகளும் இருக்கையில் அதைப் போட்டுவிட வழியில்லை. கழுத்தைச் சுற்றிக் கட்டிவிட்டார்கள்.

அப்போது அவருடைய போன் அடித்தது. சட்டைப் பையில், நெஞ்சுத் தகட்டுக்கு அடியில். யார் கையும் அங்கே நுழையாது.

"வீட்டுக்காரி பேச்சிதான்," என்றார். "மதியச் சோறு கொண்டாரவான்னு கேப்பா. எடுக்கலேன்னா விடமாட்டா."

விடவில்லை. போன் நின்று நின்று அடித்தது. ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் அவர் உடம்பு தூக்கிப்போட்டது. ஜெபசெல்வியின் கண் திரையில் இருந்தது. போன் அடித்தபோது எண் குதித்தது. அடங்கியபோது எண் தாழ்ந்தது. போன் முற்றிலும் நின்ற பிறகும் எண் ஒரு தாளத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் தலையை உயர்த்தி அவரைப் பார்த்தாள். தோள் நடுங்கியது. திரையைப் பார்த்தாள். எண்ணுக்குக் கீழே ஓடிய கோடு எழுந்தது.

"மன்னிச்சிருங்கண்ணே," என்றாள். "வேற பேட்டரி நீங்கதான்."

வெயிலுமுத்துவுக்குப் புரியவில்லை. அவள் அவரிடம்தான் சொன்னாள்; காளிராஜ் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"கல்யாண மண்டபத்துல கரண்டு போனா ஜெனரேட்டர் போடுவாங்கல்ல. மெயின அணைக்காமப் போட்டா என்னாகும்?"

"போஸ்ட்ல ஏறி நிக்கிற லைன்மேன் கருகிப் போவான்."

"அதேதான் மேஸ்திரி. இங்கிட்டு என் பெட்டி, அங்கிட்டு அண்ணன். அண்ணன் நடுங்குறாக, பட்டைக்குள்ள இருக்க தகடு அதக் கரண்டாக்குது. நடுவுல நிக்கிறது இந்தச் சிப்பு. ரெண்டும் மோதும்போது எழுதினா பாதிதான் பதியும். பாதிப் புரோகிராம் எந்த பிரேக்க மொதல்ல விடும்னு தெரியாது. முதுகுது மொதல்ல விட்டுச்சுன்னா..."

"அந்தத் தகட்டப் பிடுங்கிர வேண்டியதுதான தாயி?"

"அவர் உடம்புக்கும் கூட்டுக்கும் நடுவுல தச்சிருக்கு. ஆளு வெளிய வந்தாத்தான் அது வெளிய வரும்."

"அப்ப நான் நடுங்காம இருக்கணும். அம்புட்டுத்தான?" என்றார் காளிராஜ்.

"அம்புட்டுத்தாண்ணே. லாரி ரிவர்ஸ் எடுக்குற நேரம்."

அவர் கண்ணை மூடிப் பல்லைக் கடித்தார். கோடு தாழ்ந்தது. பெட்டி பச்சைக்கு மாறியது. அவள் விரல் பொத்தானுக்குப் போவதற்குள் அடிவயிற்றிலிருந்து ஒரு நடுக்கம் கிளம்பி அவர் உடம்பு முழுதும் உலுக்கியது. சிவப்பு. மறுபடி முயன்றார். மறுபடி சிவப்பு.

"மூட்டையத் தூக்கச் சொல்லுங்க, தூக்குறேன்," என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. "இது நம்ம கையில இல்லையே மேடம்."

ரத்தினவேல் கூப்பிட்டிருந்த 108 வண்டி வந்தது. அதில் வந்தவர் ஆல்பர்ட் என்று ஒருவர். காளிராஜின் காதில் வெப்பமானியை வைத்துப் பார்த்துவிட்டு, "இவர மொதல்ல வெளிய எடுங்க," என்றார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். விஷயத்தைச் சொன்னார்கள். நடுக்கம் நிற்க ஊசி போட முடியுமா என்று ஜெபசெல்வி கேட்டாள். நின்ற நிலையில், இந்தக் குளிரில், அந்த ஊசி போட்டால் மூச்சும் சேர்ந்து தளரும் என்றார்.

அவள் திரையில் ஓடிய கோட்டை அனுப்பிவிட்டுச் சென்னைக்குப் போன் போட்டாள். கூட்டின் மின்சுற்றை வடிவமைத்தவர்களில் ஒருவனான கௌசிக் எடுத்தான். கைகள் விறைத்திருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஆளோட எழுதினியா?" என்றான் முதலில்.

"ஆமா."

"மேனுவல்ல என்ன போட்டிருக்கு ஜெபா?"

"கௌசிக், நீயும் அப்படித்தான் எழுதுவ. இப்ப என்ன செய்ய, அதச் சொல்லு."

விசைப்பலகைச் சத்தம் கேட்டது. "சரி. கிராஃப் அனுப்பின இல்ல, பார்த்துட்டேன். ரொம்ப கிளீனா இருக்கு. ஷிவரிங் மட்டும்தான் பிரச்சனை. அது ஒரு ஸ்டேஜுக்கு மேல தானாவே நின்னுடும். கோடு ஃபிளாட் ஆகற வரைக்கும் வெயிட் பண்ணிட்டு எழுதிடு. சேஃப்."

"எப்ப நிக்கும்?"

"பாடி டெம்பரேச்சர் இன்னும் கொஞ்சம் இறங்கினா..." என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான்.

ஆல்பர்ட் போன் பக்கம் குனிந்தார். "சார், நடுக்கம் நிக்கும். நீங்க சொல்றது சரிதான். அதுக்கப்புறம் நெஞ்சும் நிக்கும்."

"நான் டெக்னிக்கலா சொன்னேன்," என்றான் கௌசிக்.

யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஜெபசெல்விக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஏனென்றால் அவன் சொல்வதற்கு முன்பே அவள் திரையில் அதைப் பார்த்துவிட்டிருந்தாள். நடுக்கத்துக்கும் நடுக்கத்துக்கும் நடுவே இருந்த இடைவெளி நீண்டுகொண்டு வந்தது. பச்சை விளக்கு முன்னைவிட அதிக நேரம் எரிந்தது. இன்னும் கொஞ்சம் நீண்டால் எழுதிவிடலாம். அந்த இடைவெளி நீள வேண்டும் என்று அவள் உள்ளூர விரும்பியிருந்தாள். என்ன விரும்பினோம் என்பது இப்போதுதான் தெரிந்தது.

"மேடம்," என்றார் காளிராஜ். குரல் குழறியது. "இப்பக் குளிரு தெரியல. தூக்கமா வருது."

"தூங்காத மாப்ள!" வெயிலுமுத்து அவர் கன்னத்தில் தட்டினார். பிறகு திரும்பி ஆல்பர்ட்டைக் கேட்டார்: "சூடு குடுத்தா?"

"குடுக்கணும். எப்படிக் குடுப்பீங்க? ஹீட்டர் வச்சா போர்டு வேர்க்கும்ங்கிறாங்க."

"காஞ்ச சூடு வேணும், அம்புட்டுத்தான? போர்டு மேல படாம?" வெயிலுமுத்து ஜெபசெல்வியைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். அவர் வாசலைப் பார்த்துக் கத்தினார்: "டேய், களத்துல காயுற வெறுஞ்சாக்க எல்லாம் அள்ளிட்டு வாங்கடா! சூடு ஆறதுக்குள்ள!"

கிடங்குக்குப் பின்னால் வத்தல் காயும் சிமெண்டுக் களம். காலி சாக்குகளை அங்கேதான் உதறி விரித்திருப்பார்கள். சித்திரை வெயிலில் அவை தோசைக்கல்லாகக் கிடக்கும். ஆட்கள் ஓடினார்கள். ஜெபசெல்வி தன் பையிலிருந்த பிளாஸ்டிக் உறையைக் கிழித்து முதுகுத் தகட்டைச் சுற்றி ஒட்டினாள். முதல் சுமை சாக்கு வந்தது. காளிராஜின் காலிலும் இடுப்பிலும் சுற்றினார்கள். சாக்கு மடிப்பில் இருந்த மிளகாய்த் தூசி கிளம்பியது. காளிராஜ் தும்மினார். கோடு திரையின் உச்சிக்குப் போய் முட்டியது. ரத்தினவேல் தும்மினார். ஆல்பர்ட் இருமி இருமிக் கண்ணீர் விட்டார்.

"உதறிட்டுக் கொண்டாங்கடா எருமைகளா! ஆளக் காப்பாத்தச் சொன்னா தாளிக்கிறானுங்க!"

அந்த நிலையிலும் காளிராஜ் சிரித்தார். தும்மல் அவர் தூக்கத்தைக் கலைத்துவிட்டிருந்தது.

அடுத்த சுமைகளை வெளியே அடித்து உதறிக் கொண்டுவந்தார்கள். சூடு ஆறிய சாக்கை உருவிவிட்டு அடுத்ததைச் சுற்றினார்கள். தார்ப்பாய் வந்தது. வெயிலில் நின்ற லாரியின் சீட்டு உறை வந்தது. கடைசியில் ஓடி வந்தவர்களின் உடம்பே சூடாக இருந்தது. அவர்கள் கூட்டில் கை படாமல், அவரைச் சுற்றிச் சுவர் மாதிரி நெருக்கி நின்றார்கள். ரத்தினவேலும் நின்றார்.

கோடு அடங்கவில்லை. முன்னைவிட வெறிகொண்டு துள்ளியது.

"கூடிருச்சேம்மா!" என்றார் ரத்தினவேல்.

"கூடணும்," என்றார் ஆல்பர்ட். "உசுரு திரும்புதுன்னு அர்த்தம். பொறுங்க."

பொறுத்தார்கள். ஜெபசெல்வி பச்சை விளக்கைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் காளிராஜின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீலம் மெல்ல விலகியது. சுக்குக்காப்பி வந்தது, ஒவ்வொரு மடக்குக்கும் கோடு ஒரு முறை எழுந்து படுத்தது. பிறகு துள்ளல்கள் சிறுத்தன. அலை ஓய்ந்த கண்மாய் மாதிரி சிறு நெளிவு மட்டும் மிஞ்சியது. அது மூச்சு.

"அண்ணே, மூச்சப் பிடிக்க முடியுமா?"

"மேஸ்திரிய எண்ணச் சொல்லுங்க மேடம். எண்ணிக்கை கேட்டா எனக்கு ஒடம்பு தன்னால நிக்கும்."

மூட்டை எண்ணும்போது லோடுமேன்கள் ஒன்று என்று தொடங்குவதில்லை. வெயிலுமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டு, லாரியிலிருந்து மூட்டை இறக்குகிற அதே ராகத்தில் தொடங்கினார்.

"லாபம்... ரெண்டு... மூணு..."

பச்சை. ஜெபசெல்வி பொத்தானை அழுத்தினாள். திரையில் ஒரு பட்டை மெதுவாக நிறைந்தது. சுற்றி நின்றவர்களும் மூச்சை அடக்கியிருந்தார்கள் என்பது எண்ணிக்கை முடிந்து எல்லோரும் ஒன்றாக மூச்சு விட்டபோதுதான் தெரிந்தது.

'எழுதி முடிந்தது. சரிபார்க்கப்பட்டது.'

முதலில் கணுக்கால். பிறகு முழங்கால். முதுகு ஸ்பிரிங் ஒரு பெருமூச்சு மாதிரி சத்தமிட்டுக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. கூடு அவரோடு மண்டியிட்டது. பட்டைகளை அவிழ்த்து அவரை வெளியே உருவினார்கள். ஆல்பர்ட் படுக்கச் சொன்னார். காளிராஜ் படுத்துக்கொண்டே, விறைத்த விரலால் பையைத் துழாவிப் போனை எடுத்தார்.

"பேச்சி... ஒண்ணுமில்ல, வேலையா நின்னேன்... ஆமா, நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன். சோறு வேணாம். சுடுதண்ணி போட்டு வையி."

அன்று சாயங்காலமே ஜெபசெல்வி அறிக்கை எழுதினாள். தன் தவறை முதல் பத்தியில் போட்டாள். ஆளோடு எழுதும் வழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது, அதை உடனே நிறுத்த வேண்டும் என்று எழுதினாள். குளிர்கிடங்குகளுக்குப் பெரிய பேட்டரி கொடுங்கள், பட்டைத் தகடுகளைத் துண்டிக்க வெளியே ஒரு சுவிட்ச் வையுங்கள் என்று எழுதினாள். ஆதாரமாக அந்தக் கோட்டை முழுசாக இணைத்தாள்: காளிராஜ் நடுங்கத் தொடங்கியதிலிருந்து மூச்சைப் பிடித்தது வரை. வேலை போகும் என்று எதிர்பார்த்தாள். போகவில்லை. கௌசிக் போன் செய்து, அறிக்கையை மேலே எல்லோரும் படித்தார்கள், ரொம்பக் கவனமாகப் படித்தார்கள் என்றான். அவளுக்கு அன்றிரவு நன்றாகத் தூக்கம் வந்தது.

மழைக்காலம் முடிந்ததும் புதிய கூடுகள் வந்தன. எழுதி ஒப்படைக்க அவளைத்தான் விருதுநகருக்கு அனுப்பினார்கள்.

லோடுமேன்களுக்குச் சந்தோஷம். "எடையே இல்லையே தாயி!" என்று வெயிலுமுத்து ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தார். மோட்டார்களுக்கான பேட்டரி மெலிந்து இடுப்பு வளையத்துக்குள் போயிருந்தது; முதுகில் அது இருந்த இடத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சிறு பெட்டி மட்டும். சிப்புக்குத் தனியாக மின்சாரம் தேவைப்படவில்லை. அசையாமல் நிற்கும் ஓர் ஆள் குளிரில் நடுங்குவதே அதற்குப் போதும் என்று ஒரு சோதனை காட்டியிருந்ததாகக் கையேட்டின் முன்னுரையில் போட்டிருந்தார்கள். கோட்டையும் அச்சிட்டிருந்தார்கள். அவளுக்கு அது தெரிந்த கோடு. மூச்சைப் பிடித்த கடைசிப் பகுதியை மட்டும் வெட்டியிருந்தார்கள்.

தடித்த எழுத்தில் இருந்த அந்தப் பழைய வரியும் மாறியிருந்தது. 'கூட்டுக்குள் ஆள் இருக்கும்போது மட்டுமே எழுதவும்.' அதற்குக் கீழே இன்னொன்று: 'குளிர்கிடங்குகளில் கம்பளி உடை அணிந்து பயன்படுத்தினால் உத்தரவாதம் செல்லாது.'

அவள் அதை ரத்தினவேலிடம் காட்டினாள். முதலாளிக்கு ஏற்கெனவே கடிதம் வந்துவிட்டது என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல். "நீங்க எழுதலேன்னா நாளைக்கு வேற ஆளு வருவாங்கம்மா. அவங்க இவனுங்கள டீ குடிக்கக்கூட விடமாட்டாங்க."

காளிராஜ் கம்பளிச் சட்டையோடு நின்றார். அந்த நாளுக்குப் பிறகு அவர் உள்ளே அதைக் கழற்றியதே இல்லை என்று மற்றவர்கள் சொன்னார்கள். வேர்த்துக் கொட்டினாலும் கழற்ற மாட்டாராம்.

"கழட்டணுமாண்ணே," என்றாள். அது கேள்வியாகவும் வரவில்லை, உத்தரவாகவும் வரவில்லை.

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கழற்றினார். வாசலுக்குப் போய்க் கையைச் சுவரில் நீட்டியவர் அப்படியே நின்றார். ஆணிகளைப் பிடுங்கியிருந்தார்கள். சுவரில் ஓட்டைகள் மட்டும் வரிசையாக இருந்தன. சட்டையை மடித்துத் தரையில் வைத்துவிட்டு வந்தார்.

எல்லோரும் கூட்டுக்குள் ஏறிப் பட்டைகளை இறுக்கிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். ஒவ்வொரு நெஞ்சிலும் ஒரு சிறிய விளக்கு. மின்சாரம் போதுமான அளவு வந்ததும் அது பச்சையாகும், அப்போது எழுதலாம். ஜெபசெல்வி வயரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பெரிய விசிறிகள் சுற்றத் தொடங்கின.

முதலில் காளிராஜின் விளக்கு எரிந்தது.